ஒரு நாட்டுக்கோழி, மூன்று சமையல்: பள்ளிபாளையம் காட்டும் வழி

ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் அக்கரையில் பள்ளிபாளையம். நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இந்த ஊரில் முதலில் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம். தறியும் காகித ஆலையும் பலருக்குப் பிழைப்பு. ஆனால், வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரின் பெயரைக் கொண்டு சேர்த்தது ஒரு கோழி வறுவல். கொங்கு உணவகங்களின் விலைப்பட்டியலில் 'பள்ளிபாளையம் சிக்கன்' இல்லாமல் இருப்பது அரிது.

ஊரைத் தாண்டி திருச்செங்கோடு பக்கம் போனால் தோட்டத்து வீடுகள். களத்திலும் குப்பைமேட்டிலும் நாட்டுக்கோழிகள் கிளறிக்கொண்டிருக்கும். அந்தக் கோழிகளை வியாபாரியிடம் விற்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கடையில் பிராய்லர் கறி வாங்கும் வீடுகளும் உண்டு. "நாட்டுக்கோழி வேகமாட்டேங்குது, ஆளுக்கு ரெண்டு துண்டுகூட வராது" என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். வளர்த்த வீட்டுக்கே நல்ல கறி கிடைக்காமல் போவது இதனால்தான்.

கறி ஏன் கெட்டியாகிறது?

பிராய்லர் கோழி 6 வாரத்தில் 2 கிலோ எடையைத் தொட்டுவிடும். நாட்டுக்கோழி ஒரு கிலோவைத் தாண்டவே 4 முதல் 5 மாதம் ஆகும். ஓடித் திரிந்து இரை தேடுவதால் தசை இறுகியிருக்கும். வயது ஏற ஏற தசையைப் பிணைக்கும் நார் கெட்டிப்படும். பிராய்லரைப் போல 20 நிமிடத்தில் இறக்கினால் ரப்பர் மாதிரிதான் இருக்கும். அதே நார், தண்ணீருடன் சிறு தீயில் வெந்தால் கரைந்து, சாற்றுக்குக் கெட்டித்தன்மையும் ருசியும் கொடுக்கும்.

எனவே, வயதைப் பார்த்துத்தான் சமையலை முடிவு செய்ய வேண்டும். 5 மாதச் சேவல் வறுவலுக்கு ஏற்றது. முட்டை ஓய்ந்த பெட்டைக்கோழி சாற்றுக்கும் குழம்புக்கும் ஏற்றது. முற்றிய கோழியை அடுப்பில் ஒன்றரை மணி நேரமாவது கொதிக்கவிட வேண்டும். குக்கர் என்றால் முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 25 நிமிடம். ஒரு சிறு துண்டு பப்பாளிக்காய் போட்டால் சீக்கிரம் மெத்தென்றாகும்.

பொடி சேராத வறுவல்

பள்ளிபாளையம் வறுவலில் மசாலாப் பொடி கிடையாது. வரமிளகாயைக் கிள்ளி, விதையை உதறிவிட்டு எண்ணெயில் போடுவார்கள். விதை போய்விடுவதால் மிளகாய் நிறையப் போட்டாலும் காரம் மட்டுப்படும். சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்து, சிறிதாக நறுக்கிய கறியைப் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து மூடி வேகவிட வேண்டும். கடைசியில் தேங்காயைச் சிறு கீற்றுகளாக நறுக்கிப் போட்டுச் சுருள வதக்கி இறக்கலாம். கறி சிறிதாக இருப்பதாலும், வெங்காயமும் தேங்காயும் சேர்வதாலும் ஐந்து பேருக்குத் தாராளமாக வரும்.

எலும்பையும் விடாதீர்கள்

ஒன்றரை கிலோ கோழியை மஞ்சள் தடவி, தோலோடு வாட்டிச் சுத்தம் செய்தால் சுமார் ஒரு கிலோ கறி தேறும். தொடையும் நெஞ்சும் வறுவலுக்கு. கழுத்து, முதுகு, இறக்கை, கால் ஆகியவற்றை மிளகு, சீரகம், கொத்தமல்லி விதை தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்தால் சோற்றுக்குச் சாறு. மிச்சச் சாற்றைத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினால் மூன்றாவது சமையல். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் சாற்றைக் கையோடு சமைத்து அன்றே முடித்துவிட வேண்டும்.

எதை விற்பது, எதைச் சமைப்பது?

திடமான இளம் பெட்டைகளை விற்கவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். அவைதான் அடுத்த கூட்டத்துக்கு வித்து. கூடுதலாக உள்ள சேவல்களில் சிலவற்றை ஆடிப்பெருக்கு, தீபாவளி போன்ற கிராக்கி நேரத்தில் விற்கலாம். ஒன்றிரண்டை வீட்டுக்கென ஒதுக்கிவையுங்கள். வயதான பெட்டைக்கு வியாபாரி அடிமாட்டு விலை சொன்னால், அது சாற்றுச் சட்டிக்குப் போவதே லாபம்.

வெள்ளைக்கழிச்சல் கண்ட கூட்டத்தில், 'சாவதற்குள் அறுத்துவிடுவோம்' என்று அவசரப்படும் வழக்கம் ஆபத்தானது. அந்தக் கழிவும் இறகும் அக்கம்பக்கத்துக் கோழிகளுக்கும் நோயைக் கொண்டுபோகும். நோயுற்ற கோழியை அறுக்காமல் தனியே அடைத்து, கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். இறந்ததை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். மருந்து கொடுத்த கோழி என்றால், எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் தவிடும் கம்பும் போட்டு, மாலையில் கூட்டில் அடைத்து, கீரிக்கும் பருந்துக்கும் காவல் இருந்து வளர்த்த கோழி அது. மாதத்துக்கு ஒன்றாவது அந்த வீட்டுப் பிள்ளைகளின் தட்டுக்கு வரட்டும்.