வெளியில லைட் போட்டா வொரண்டி போயிடுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. புதிதாக பைக், ஸ்கூட்டி எடுத்தவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் இருவருமே ஆசிரியர்கள். போன வருடம் லீசிங்கில் ஒரு ஸ்கூட்டி எடுத்தோம். இரண்டு வருட வொரண்டி. சுபஹுக்குப் போகும் பாதையில் இருட்டில் மாடுகள் படுத்துக் கிடக்கும். அதனால் டவுனில் ஒரு பாஸிடம் கொடுத்து முன்னால் இரண்டு எல்ஈடி லைட் போட்டோம்.

ஐந்தாம் மாதம் எஞ்சினில் எண்ணெய் கசிந்தது. விற்ற இடத்துக்கே கொண்டு போனோம். பார்த்தவர், "சேர், வெளியில வயர் வெட்டியிருக்கீங்க. வொரண்டி கேன்சல்" என்றார். லீசிங் கட்டும் மாதத்தில் எஞ்சின் வேலைக்கும் சேர்த்து எங்கே போவது? பேசாமல் திரும்பி வந்தோம்.

இரவு வொரண்டிப் புத்தகத்தை முதன்முறையாக முழுதாக வாசித்தோம். பிள்ளைகளிடம் "கேள்வியை வடிவா வாசிங்க" என்று தினமும் சொல்கிற நாங்கள்தான்! மாற்றம் செய்ததால் *உண்டாகும்* பழுதுக்கு வொரண்டி இல்லை என்றுதான் அதில் இருந்தது. முழு வொரண்டியும் போகும் என்று எங்கும் இல்லை.

மறுநாள் ஒரு கடிதம் எழுதினோம். லைட் போட்டதை மறைக்கவில்லை. "லைட் வயருக்கும் எண்ணெய்க் கசிவுக்கும் என்ன தொடர்பு? எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள்? எழுத்தில் தாருங்கள்" என்று மட்டும் கேட்டோம். சேர்விஸ் பில்களின் பிரதிகளையும் இணைத்தோம். நான்கு நாளில் கோல் வந்தது. கசிவை இலவசமாகச் செய்து தந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

கதை முடியவில்லை. இரண்டு மாதத்தில் மெயின் சுவிட்ச் வயர் உருகியது. பாஸ் ரிலேயும் பியூஸும் போடாமல் நேரே இழுத்திருக்கிறார். "லைட்டைக் கழட்டிட்டுக் கொண்டு போங்க, சொல்லாதீங்க" என்றார் ஒரு நண்பர். மனம் கொஞ்சம் ஆடத்தான் செய்தது. ஆனால் அது எங்கள் லைட்டால் வந்த பழுது. எங்கள் காசிலேயே செய்தோம். நியாயம் எங்களுக்கு ஒன்று, கடைக்காரருக்கு ஒன்றா?

நாங்கள் படித்தவை:

1. எதையும் பூட்டுவதற்கு முன் வொரண்டிப் புத்தகத்தை வாசியுங்கள். சில கம்பனிகளின் நிபந்தனை இதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

2. வயரை வெட்டாமல், ரிலே, பியூஸ் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள்.

3. சேர்விஸைத் தவறவிடாதீர்கள். பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

4. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் "கேன்சல்" என்பது லேசு, எழுதுவது லேசில்லை.

5. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கொடுத்த வொரண்டிக்கு ஏற்ப இல்லாத பொருள் பற்றி முறையிடலாம். ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எங்களுக்கு அந்தக் காலம் கடந்திருந்தது. கையில் இருந்தது புத்தகமும் கடிதமும்தான். நீங்கள் பிந்த வேண்டாம்.

கடிதம் எழுதத் தெரியாதவர்கள் பின்னேரங்களில் வீட்டுக்கு வாருங்கள். சேர்ந்து எழுதுவோம்.