டெலீட் உரிமை யாரிடம்?

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

"கிளவுட் பில் மாசாமாசம் ஏறிக்கிட்டே போகுது. அந்த ஏ.ஐ. ஏஜென்ட்டை விட்டு வேண்டாததையெல்லாம் அழிக்கச் சொல்லிடலாமா தம்பி?" என்று மேலாளர் கேட்டார். ராயபுரத்தில் உள்ள எங்கள் அலுவலகம் சுங்க முகவர்களுக்கும் கன்டெய்னர் லாரி நடத்துபவர்களுக்கும் மென்பொருள் எழுதித் தருகிறது. சோதனைக்காக எழுப்பிய சர்வர்கள், கழற்றிப் போட்ட டிஸ்க்குகள், பழைய ஸ்னாப்ஷாட்கள் எல்லாவற்றுக்கும் வாடகை ஓடுகிறது. அழிக்கத்தான் வேண்டும். "சரி சார், ஆனா டெலீட் பண்ற டூலை நான் எழுதித் தர்றேன். ஏஜென்ட் அது வழியாத்தான் போகணும்" என்றேன். ஒத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

போன மாதம் ரெப்லிட் என்ற ஏ.ஐ. நிரலாக்கத் தளத்தில் நடந்ததை மறுபடி படித்தேன். ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில்முனைவர், எதையும் மாற்றக் கூடாது என்று அந்தத் தளத்தின் ஏஜென்ட்டிடம் சொல்லியிருந்தார். அது நடப்பு டேட்டாபேஸையே அழித்துவிட்டது. 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அதில் இருந்தன. மீட்க முடியாது என்று வேறு சொன்னது. அதுவும் தவறு, மீட்க முடிந்தது. ரெப்லிட் தலைவர் அம்ஜத் மசாத் வருத்தம் தெரிவித்து, சோதனை டேட்டாபேஸையும் நடப்பு டேட்டாபேஸையும் தானாகவே பிரித்து வைக்க ஏற்பாடு செய்தார்.

தடை வெறும் வாய்ச்சொல்லாக இருந்தது, அழிக்கும் உரிமையோ ஏஜென்ட்டின் கையில் இருந்தது. என்னைப் பொறுத்தவரை கோளாறு அங்கேதான். 'செய்யாதே' என்று எத்தனை முறை எழுதினாலும் அந்த உரிமை அங்கே இருக்கும்வரை ஆபத்தும் இருக்கும்.

ஏ.ஐ. இல்லாமலும் இது நடக்கும். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதி கூகுளில் வைத்திருந்த பிரைவேட் கிளவுட் ஒன்று மொத்தமாக அழிந்தது. கூகுளின் உள்கருவி ஒன்றில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தார்கள். வெற்றிடத்தைக் கருவி 'ஓராண்டு' என்று எடுத்துக்கொண்டு, ஆண்டு முடிந்ததும் அழித்துவிட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் நாள்கணக்கில் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்தில் வைத்திருந்த பேக்கப்பும் மீட்புக்குக் கைகொடுத்தது. என் கருவியின் முதல் விதி அப்போதே முடிவாயிற்று: விவரம் வெறுமையாக வந்தால் வேலை நிற்க வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

படிக்கும் உரிமை மட்டும் கொடுத்து ஏஜென்ட்டை ஓடவிட்டோம். 90 நாள் பயன்படாதவற்றைப் பட்டியல் போடச் சொன்னோம். நல்ல பட்டியல், வேகமாகவும் வந்தது. அதில் இரண்டு வரிகளைப் பார்த்துத்தான் வயிறு கலங்கியது.

ஒன்று, மும்பையில் உள்ள எங்கள் மாற்று சர்வர். சி.பி.யூ. 1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை, சும்மா கிடப்பதாகத்தான் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தரைத்தள சர்வர் அறைக்குள் தண்ணீர் புகுந்தபோது எல்லா வேலையும் அதில்தான் நடந்தது.

இன்னொன்று, பழைய பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி அறிக்கை) ஸ்கேன்கள். ஒரு வருடமாக யாரும் திறக்கவில்லை. ஆனால் சுங்க முகவர் உரிம விதிகள் 2018-ன்படி பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தில் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள். ராஜாஜி சாலை சுங்க மாளிகையிலிருந்து கடிதம் வந்தால் எடுத்துக் காட்டியாக வேண்டிய காகிதங்கள் இவை. பயன்பாட்டுக் கணக்கை வைத்து இதையெல்லாம் ஏஜென்ட் அறிய வழியே இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

கருவியை இரண்டாக வெட்டினேன். ஏஜென்ட்டின் கணக்கு முன்மொழியலாம், அவ்வளவுதான். அழிப்பது வேறொரு கணக்கு. அதை இயக்க ஒரு மனிதர் அந்தப் பொருளின் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்ய வேண்டும். 'ஆம்' பொத்தான் கிடையாது. எதனோடு எது இணைந்திருக்கிறது, யார் உரிமையாளர், கடைசி பேக்கப் எப்போது என்பதெல்லாம் பெயருக்குக் கீழேயே தெரியும். மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் கிளவுடில் ஒரு ரிசோர்ஸ் குரூப்பை அழித்தால் உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்தே போகும். அதனால் குரூப் அழிப்பையே கருவியிலிருந்து எடுத்துவிட்டேன்.

அமேசான் கிளவுடில் குறியாக்கச் சாவியை அழிக்கச் சொன்னால் 7 முதல் 30 நாள் வரை காத்திருந்துதான் அழிக்கும். அந்தப் பழக்கத்தை நானும் எடுத்துக்கொண்டேன்: முதலில் நிறுத்து, 7 நாள் காத்திரு, யாரும் கத்தவில்லை என்றால் அழி.

"ஒவ்வொண்ணுக்கும் நாமளே பேர் அடிக்கணும்னா ஏஜென்ட் எதுக்குண்ணே?" என்று கேட்டாள் புதிதாகச் சேர்ந்த பெண். நியாயமான கேள்வி. கேட்டுக்கொண்டே இருந்தால் மனிதர்கள் படிக்காமலே சம்மதிக்கத் தொடங்கிவிடுவார்கள். எழுப்பும்போதே 'சோதனை' என்ற டேக்கும் முடிவுத் தேதியும் போட்டவை மட்டும் காத்திருப்பு முடிந்ததும் தானாகப் போகட்டும், மற்றதற்கு மனிதர் வேண்டும் என்று முடிவு செய்தோம். அவளுடைய கேள்வியால் கருவி மேம்பட்டது.

ஆகஸ்ட் 9, சனி

ஐந்தாண்டுகளுக்கு முன் இதே தேதியில் மணலியிலிருந்து 10 கன்டெய்னர்கள் ஐதராபாத்துக்குக் கிளம்பின. 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் அங்கே கிடந்தது. அந்த ஆண்டு வெள்ளத்தில் கொஞ்சம் வீணானது போக 697 டன் மிச்சம், 37 கன்டெய்னர்கள். 2020 ஆகஸ்ட் 4-ல் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் சேமிக்கப்பட்டிருந்த அதே ரசாயனம் வெடித்துச் சிதறிய பிறகுதான் திருவொற்றியூர்வாசிகளான எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது என்ன என்று உறைத்தது.

ஆபத்தை அப்படிக் கிடக்கவிட்டது போலத்தான், பயந்துகொண்டு எதையும் அழிக்காமல் வைத்திருப்பதும் பாதுகாப்பு ஆகாது. கழற்றிப் போட்ட டிஸ்க்கில் வாடிக்கையாளர்களின் விவரம் இருக்கிறது, அதைத் திருட ஆளும் இருக்கிறது. மணலியில் ஏலம் விட்டு, வாங்கியவரை உறுதி செய்து, பகுதி பகுதியாகத்தான் அனுப்பினார்கள். என் கருவியிலும் ஒரு தடவைக்கு 10-க்கு மேல் அழிக்க முடியாது என்று உச்சவரம்பு வைத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மாற்று சர்வருக்கும் ஸ்கேன் கிடங்குக்கும் டெலீட் பூட்டு போட்டாயிற்று. அந்தப் பூட்டை எடுக்கும் உரிமை ஏஜென்ட்டின் கணக்கில் இல்லை. கழற்றிப் போட்ட டிஸ்க்குகளின் முதல் தொகுதி காத்திருப்பில் இருக்கிறது.

ஏஜென்ட்டிடம் கிளவுட் கணக்கை ஒப்படைக்கப்போகும் நண்பர்களே, அதற்கு என்ன சொல்லிவைப்பது என்று யோசிக்குமுன் அதன் கணக்கில் டெலீட் உரிமை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள்.