அப்பாவின் எம்டி 90

பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்று எதிர்த்து அடிக்கும்போதுதான் அப்பாவின் எம்டி 90க்கு கிளட்ச் சரியில்லை என்று எனக்குத் தெரிய வந்தது. ரவுணுக்குள் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இறக்கம் எங்கே இருக்கு, ஓடிப் பார்த்துக் கண்டுபிடிக்க? கம்பஸ் முடிந்து வேலணைக்குத் திரும்பும்போது, பின்னால் ஒரு தோழியும் இருக்க, பாலத்தில் அக்சிலேற்றரைத் திருகினால் எஞ்சின் கத்துது, வேகம் மட்டும் வருதில்லை.

இது ஒரு வருத்தம். மற்றது, ஏழெட்டுக் கிலோமீற்றர் ஓடினதும் எஞ்சின் இருமி இருமி நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்ப ஸ்டார்ட் ஆகும். பாலத்தின் நடுவில் இரண்டு தரம் நின்றிருக்கிறேன். போற வாற ஆக்கள் எல்லாம் "என்ன பிள்ளை, பெற்றோல் இல்லையோ?"

எம்டி 90 ஜப்பானில் தபால்காரருக்காகச் செய்த வண்டி. கிளட்ச் லீவர் கிடையாது, காலால் கியரை மாற்றினால் கிளட்ச் தானே விடும், தானே பிடிக்கும். அப்பா அதை 1991 இல், வெளிநாடு போன ஒருவரிடம் வாங்கினவர். பொருளாதாரத் தடைக் காலம். சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் கொஞ்சம் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடுவார்களாம். மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் கீழே வடிந்து ஒயிலைத் தண்ணியாக்கிவிடும், பிளக் கரி பிடிக்கும். ஒயில் மாற்றவும் பிளக் துடைக்கவும் அப்பா அப்படித்தான் பழகினவர். 95 ஒக்ரோபரில் அப்பம்மாவையும் ஒரு உரப்பையையும் ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனதும் இதில்தான்.

2023 இல் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது காலும் கையும் ஏலாது, பேச்சும் குழறிப் போச்சு. வண்டி குசினிக்குப் பின்னால் இரண்டு வருசம் படங்கால் மூடிக் கிடந்தது. எட்டு மணி லெக்சருக்கு பஸ்ஸில் போய் நேரத்துக்குச் சேர முடியாமல்தான் நான் அதை வெளியில் எடுத்தேன். மாமா பழைய ஒயிலை வடித்து வேறு ஒயில் விட்டுத் தந்தார்.

கராஜில் காட்டினேன். மெக்கானிக் அண்ணை ஒருக்கா உதைத்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, கிளட்ச் பிளேட் முடிஞ்சுது. நிக்கிறது ஹெட் பிரச்சினை. ரெண்டையும் கழட்ட வேணும்" என்றார். அவர் சொன்ன காசு எங்களிடம் இல்லை. அம்மா அன்றிரவே மாமாவுக்குக் கோல் எடுத்தா. அறுபதாயிரத்துக்கு ஒருவர் கேட்கிறாராம். அப்பா கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தார். "மூ... மூ..." என்றார். கொசு வருது என்று சொல்கிறாராக்கும் என எழும்பி யன்னலை மூடினேன். அவருக்குக் கோபம் வந்து மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

நான் படிக்கிறது வரலாறு. ஸ்பனர் சைஸ்கூடத் தெரியாது. ஆனாலும் விற்பதற்கு முன் ஒருக்கா நானே பார்க்கிறேன் என்று அம்மாவிடம் இரண்டு கிழமை தவணை கேட்டேன். யூரியூப்பும், பக்கத்து வளவு அண்ணாவின் சாவிப் பெட்டியும் துணை.

கிளட்சிலிருந்து தொடங்கினேன். எஞ்சினின் வலப்பக்க மூடியில் ஒரு நட்டும் அதன் நடுவில் ஸ்குரூ ட்ரைவர் போடும் வெட்டும் இருக்கும். நட்டை இளக்கி, நடுவில் இருப்பதை வலமாக ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு இடமாக மெதுவாகத் திருப்பிக்கொண்டு வர ஒரு இடத்தில் கைக்குத் தடை தெரியும். அங்கிருந்து வலமாக எட்டில் ஒரு சுற்று, பிறகு நட்டை இறுக்க வேண்டும். இரண்டு நாள் நல்லாய் இருந்தது, மூன்றாம் நாள் திரும்ப வழுக்கியது. பிறகுதான் மாமா விட்டது என்ன ஒயில் என்று கேட்டேன். அவருடைய காரில் மிஞ்சினதாம். எம்டியில் எஞ்சினும் கிளட்சும் ஒரே ஒயிலில்தான் குளிக்கும். சில கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கிற மருந்து கலந்திருக்கும். எஞ்சினுக்கு அது நல்லது, உராய்வில் பிடிக்கிற கிளட்சுக்கு இல்லை. போத்தலில் ஜாசோ எம்ஏ என்று போட்ட மோட்டர் சைக்கிள் ஒயில் வாங்கி, பழையதை வடித்துவிட்டு ஊற்றினேன்.

நிற்கிற வருத்தம்தான் என்னை அழ வைத்தது. அடுத்த முறை நிற்கும்போது பிளக்கைக் கழற்றி எஞ்சினில் முட்டவைத்து உதைத்தேன், நீலமாகப் பொறி வந்தது. அப்ப கரண்ட் பிழை இல்லை. காபரேட்டரின் அடியில் உள்ள ஸ்குரூவை இளக்கினேன். இரண்டு சொட்டுப் பெற்றோல் விழுந்து நின்றுவிட்டது. டாங்கில் பாதிக்கு மேல் இருக்கு, கீழே வரவில்லை. சீற்றைத் தூக்கி டாங்க் மூடியைத் திறந்தேன். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டது. உடனே கீழே பெற்றோல் ஓடத் தொடங்கியது.

மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்க வேண்டும். பெற்றோல் இறங்க இறங்க அதற்குப் பதிலாகக் காற்று வராவிட்டால், உள்ளே வெற்றிடமாகிப் பெற்றோல் அப்படியே நின்றுவிடும். மூடியைத் திருப்பிப் பார்த்தால், சைக்கிள் ரியூப்பில் வட்டமாக வெட்டின ஒரு ரப்பர் துண்டு, துளையை மறைத்து நேர்த்தியாக ஒட்டியிருந்தது.

2022 ஞாபகம் இருக்குத்தானே? கியூஆர் வந்த புதுசில் மோட்டர் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். அதில் ஒரு சொட்டும் ஆவியாகப் போகக்கூடாது என்று அப்பா செய்த வேலை. அந்த நாளில் சந்திக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடினபடியால் அது அவருக்கு ஒரு கரைச்சலும் கொடுத்திருக்காது.

மூடியைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். ரப்பரைக் கண்டதும் இடக்கையால் தன் நெற்றியில் ஒரு அடி அடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "மூ...டி" என்றார்.

நான் அத்தனை நாளும் யன்னலைத்தான் மூடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் "இவ்வளவு புழுக்கத்தில ஏனப்பா?" என்று ஏசியும் இருக்கிறேன். அவரை வெளியில் கதிரையில் வைத்து, வண்டியை முன்னால் நிறுத்தியிருந்தால் கையைக் காட்டியிருப்பார். அது எனக்கும் அம்மாவுக்கும் தோன்றவே இல்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் வெளியில்தான். ஒயில் மாற்றியும் இரண்டு பேர் ஏறினால் கிளட்ச் லேசாக வழுக்கியது. கிளட்ச் விசயத்தில் மெக்கானிக் அண்ணை சரி, பிளேட் தேய்ந்துதான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிக்கரைக் கழற்றி வலப்பக்க மூடியைத் திறந்தோம். கிளட்ச் நட்டுக்கு நாலு பல்லு வைத்த தனிச் சொக்கற் வேண்டும். அதை இரவல் தந்ததும் அதே அண்ணைதான். புதுப் பிளேட்டுகளை ஒயிலில் ஊறவைக்காமல் போடப் போனேன். கதிரையிலிருந்து "ம்ம்! ம்ம்!" என்று சத்தம். ஒயில் போத்தலை இடக்கையால் காட்டினார்.

அறுபதாயிரக்காரருக்கு அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. புகைப் பரிசோதனை முடித்து வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், கொஞ்சம் நீலப்புகை வருது. ரிங் தேய்வாக இருக்கலாம், வால்வ் சீலாகவும் இருக்கலாம். அப்பாவிடம் கேட்டேன். இரண்டு விரலைக் காட்டினார். இரண்டுமா, இரண்டாவதா என்று இன்னும் விளங்கவில்லை. நாளைக்கு வண்டியைக் கிட்டக் கொண்டுபோய்த் திரும்பக் கேட்கப் போகிறேன்.