நாலடி மேஜை, நாற்பது பேனா!

பேனா வாங்குகிறவருக்கு ஒரே ஒரு கவலைதான். எழுதுமா, எழுதாதா? விற்கிறவனுக்கு இருக்கிற கவலைகளைக் கேட்டால் நீங்கள் பென்சிலுக்கே திரும்பிப் போய்விடுவீர்கள்!

எங்கள் சித்தப்பா ஒரு ரிடையர்டு டர்னர். 32 வருஷம் லேத் முன்னால் நின்றவர். ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்குமா? வீட்டுப் பின்கட்டில் ஒரு சின்ன லேத்தைப் போட்டுக்கொண்டு பேனா கடைய ஆரம்பித்துவிட்டார். கடைவது அவர் டிபார்ட்மெண்ட். விற்பது என் டிபார்ட்மெண்ட். வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸில் ஃபைல் தள்ளுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைவினைச் சந்தையில் பேனா தள்ளுகிறேன்.

சந்தையில் நமக்குத் தருவது 4 அடி மேஜை. வாடகை 1,200 ரூபாய். கச்சிதமாக அடுக்கினால் 40 பேனா வைக்கலாம். சித்தப்பாவின் அலமாரியில் இருப்பதோ நூற்றுச் சொச்சம். எந்த நாற்பது? சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் நடக்கிற யுத்தத்துக்கு இதுதான் காரணம்.

"டேய், பேனான்னா எபோனைட்டுடா! மத்ததெல்லாம் பொம்மை" என்பார் சித்தப்பா.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ரப்பரோடு சுமார் 30 சதவீதம் கந்தகத்தைச் சேர்த்து வேகவைத்தால் கல் மாதிரி இறுகிவிடும். அதுதான் எபோனைட். 1851-ல் நெல்சன் குட்இயர் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய சமாசாரம். கடையும்போது பின்கட்டு முழுக்கக் கந்தக வாசனை. சித்தியின் முகம் போகிற போக்கைப் பார்க்கணுமே!

ஆனால் பேனாவுக்கு அதைவிடத் தோதான பொருள் அபூர்வம். உடம்புக்குள்ளேயே நேராக மையை ஊற்றலாம். அரிக்காது. உள்ளங்கைச் சூட்டைச் சட்டென்று உள்ளே விடாது. பேனாவில் மை பாதியாகிவிட்டால் மீதி இடத்தில் காற்றுதானே? அது சூடேறி விரிந்தால் மையை நிப் வழியாகத் தள்ளும். சட்டைப் பையில் இங்க் கோலம் போடுவது அப்படித்தான்! எபோனைட்டில் இந்தத் தொல்லை குறைவு.

சரித்திரமும் உண்டு. ராஜமுந்திரியில் கே.வி.ரத்னம் செய்த சுதேசிப் பேனாவைப் பாராட்டி 1935-ல் காந்திஜியே கடிதம் எழுதியிருக்கிறார். நம் திருவள்ளூரில் இன்றைக்கும் எபோனைட் பேனாவைக் கையால் கடைந்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

"அப்புறம் என்னடா? நாற்பதும் எபோனைட்டே வை!" என்பார் சித்தப்பா.

வைக்கலாம். வாடகையை யார் கொடுப்பது?

சந்தைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இங்க் பேனாவைத் தொட்டுப் பல வருஷம் ஆனவர்கள். மீதிப் பேர் தொட்டதே இல்லை. நிப்பைக் குப்புறப் பிடித்துக்கொண்டு "எழுதலையே சார்" என்கிறார்கள்! அவர்களுக்குப் பிடித்தது பளபளவென்று நீலமும் பச்சையும் சுழித்து ஓடுகிற அக்ரிலிக் பால் பேனாதான். 350 ரூபாய். சாமான் செலவு 150 போக, கையில் நிற்பது 200. ஆறு விற்றால் வாடகை வந்துவிடும். ஏழாவது விற்றால் பஸ்ஸுக்கும் டீக்கும் ஆச்சு.

ஆகவே நான் சில சட்டங்கள் வைத்திருக்கிறேன்.

முதல் சட்டம்: ரீஃபில். தெருமுனைக் கடையில் கிடைக்காத ரீஃபில் போடுகிற பேனா மேஜைக்கு வரக் கூடாது. வாங்கியவர் மூன்று மாதத்தில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, நம்மையும் சேர்த்துத் திட்டுவார்.

இரண்டாவது: மரம். சந்தனத்திலும் செம்மரத்திலும் கேட்டு வருகிறவர்கள் உண்டு. கணக்கும் பில்லும் இல்லாத கட்டையில் அதெல்லாம் செய்தால், பேனா வாங்க ஆள் வராது. நம்மைத் தேடி ஆள் வரும்! பழைய தேக்கு ஜன்னல் சட்டம், பலாக்கட்டை, புளியங்கட்டை... இவை போதும். அதிலும் பால் பேனா மட்டும். மரத்துக்குள் நேராக மை ஊற்றினால் ஊறிவிடும். ஈரம் காயாத கட்டை என்றால் கடைந்த ஆறாம் மாதம் வெடிக்கும்.

மூன்றாவது: வெயில். திறந்தவெளிச் சந்தை என்றால் எபோனைட்டுக்குத் துணிக் குடை வேண்டும். கறுப்பு எபோனைட்டை வெயிலில் காயப் போட்டால் நாளடைவில் வெளிறிப் பழுப்படிக்கும். அக்ரிலிக்குக்கு அந்தக் கவலை கிடையாது.

இப்படியே கணக்குப் போட்டால் எபோனைட்டுக்கு மேஜையில் இடமே கிடையாது. விஷயம் அங்கேதான் மாட்டிக்கொண்டது.

ஒரு நாள் மரை வெட்டிக்கொண்டிருந்தவர் லேத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எனக்கு 71 ஆச்சுடா. ஒரு கண்ணு ஆபரேஷன் பண்ணியாச்சு. இந்தக் கை இன்னும் எத்தனை வருஷம் ஆடாம நிக்கும்? ரெண்டு மணி நேரத்துல முடியற பால் பேனாவையே செஞ்சிட்டிருந்தா, எனக்குத் தெரிஞ்ச வேலையை எப்ப செய்யறது?"

ஒரு எபோனைட் பேனாவுக்கு அவருக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். மூடிக்கும் உடம்புக்கும் மரை வெட்டி, கழுத்தைக் கடைந்து, நிப்பையும் நாக்கையும் பொருத்தி, எழுதிப் பார்த்து, மறுபடி கழற்றி... நான் மேஜையில் எதை வைக்கிறேனோ, அதைத்தான் அவர் அடுத்த மாதம் கடைவார். நான் தேர்ந்தெடுப்பது நாற்பது பேனாவை மட்டும் அல்ல, அவருடைய மிச்ச நாட்களையும்தான். இது உறைத்தபோது கால்குலேட்டரை மூடி வைத்தேன்.

பேச்சுவார்த்தை நடந்தது. சித்தி நடுவர். தீர்ப்பு: அக்ரிலிக் 24, மரம் 6, எபோனைட் 10. விற்றாலும் விற்காவிட்டாலும் அந்தப் பத்து ஒவ்வொரு மாதமும் போக வேண்டும். விலை 1,800. கண்ணில் படாத பொருளை யார் கேட்பார்கள்?

கூடவே ஒரு எழுதிப் பார்க்கிற நோட்டும் போகும். வேடிக்கையே அந்த நோட்டில்தான். பெரியவர்கள் முதலில் பிள்ளையார் சுழி போடுவார்கள். அரசாங்க உத்தியோகஸ்தர்கள் நேராகக் கையெழுத்து, கீழே தேதி! இளவட்டங்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு பெயர் எழுதி, உடனே அடித்துவிடுவார்கள்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா பணத்தைக் கேட்க மாட்டார். "நோட்டை எடுடா" என்பார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார். "இங்க முதல் எழுத்து விட்டுப்போச்சு பாரு, அந்த மூணாம் நம்பர் நிப்பைச் சரிபண்ணணும்." "இவன் ரொம்ப அழுத்தறான், இவனுக்குப் பால் பேனாதான் லாயக்கு." அடுத்த மாதப் பத்தில் எது போகும், எது நிற்கும் என்று தீர்மானமாவது அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

போன மாதம் ஒரு பையன் 350 ரூபாய் பேனா வாங்க வந்தான். சும்மா எபோனைட்டில் எழுதிப் பார்த்தான், ஒரு பெயர். அடித்தான். போனான். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் கியூஆர் அட்டையில் செல்போனைக் காட்டி 1,800-ஐ அனுப்பிவிட்டுப் பேனாவோடு போய்விட்டான்.

அன்று ராத்திரி சித்தப்பா அந்த வரியைப் பல்பு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"மை ஒரே சீரா இறங்கியிருக்குடா. அடிச்ச கோடுகூட அழகா இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடியில என்ன பேருன்னுதான் படிக்க முடியலை!"