ஹுவா ஹின் கடற்கரைக்கு

சென்ற பள்ளி விடுமுறையிலே நாமும் நம் துணைவியாரும் மக்கள் இருவரும் பாங்காக் மாநகரிலிருந்து ஹுவா ஹின் என்னும் கடற்கரைப் பட்டினத்திற்குப் புகைவண்டி மார்க்கமாய்ச் சென்று வந்தோம். தோட்டத்துக் கிராணி உத்தியோகம் பார்ப்பவனுக்கு அயல்நாட்டு உல்லாசப் பிரயாணம் அடிக்கடி கிட்டுவதன்று. செம்பனைக் குலைகளின் நிறைக் கணக்கும் மாதக் கடைசிச் சம்பளக் கணக்கும் அவனை விட்டால்தானே? இரண்டாண்டுக் காலம் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, "பிள்ளைகள் ஒருமுறையாவது நல்ல கடலைப் பார்க்கட்டும்" என்று துணைவியார் பிடித்த பிடிவாதத்தின் பயனாகவே இப்பிரயாணம் கைகூடிற்று.

ஹுவா ஹின் பாங்காக்கிற்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. சாலை வழியே வேன் வண்டியிற் சென்றால் மூன்று மணி நேர அளவில் இறங்கிவிடலாம். தென்பாதையின் விரைவு ரயில்கள் 2023 ஜனவரி முதல் நகரின் வடபுறத்தே கட்டப்பட்ட புதிய பெருநிலையத்திலிருந்து புறப்படுகின்றன. குளிர்சாதனமும் மெத்தை இருக்கையும் அவற்றில் உண்டு. நாமோ இவ்விரண்டையும் விடுத்து, ஆற்றுக்கு மேற்கேயுள்ள தோன்புரி நிலையத்திலிருந்து காலையிற் கிளம்பும் மூன்றாம் வகுப்புச் சாதாரண வண்டிக்குச் சீட்டு வாங்கினோம். துணைவியார் முகம் சுளித்தார்.

"என்னங்க, பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த வெயிலில் ஜன்னல் வண்டியா?"

"செலவு குறையும், ஊரையும் நன்றாகப் பார்க்கலாம்" என்றோம். சொன்னது பொய்யன்று. ஆயினும் சொல்லாமல் விட்டது ஒன்றிருந்தது.

தோன்புரி நிலையத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். 1903இல் பெட்சபுரி வரை திறக்கப்பட்ட சயாமியத் தென்பாதைக்கு இதுவே தலைவாயில். 'பாங்காக் நோய்' என்னும் கால்வாய் பேராற்றிற் கலக்குமிடத்தே பழைய நிலையம் இருந்தது. அந்நாட்டு மொழியில் நோய் என்றால் சிறியது என்று பொருள். நம் மகள் அப்பெயரைக் கேட்டதும், "ஊருக்கே காய்ச்சலா அப்பா?" என்றாள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசி அந்நிலையத்தைச் சிதைத்தன. போருக்குப் பின் மீண்டும் எழுப்பிய கட்டடம் பக்கத்து மருத்துவமனையின் காட்சிசாலையாகி விட்டது. வண்டிகள் சற்று மேற்கே தள்ளி, காய்கறிச் சந்தையொன்றின் அருகிலுள்ள சிறு நிலையத்திலிருந்து புறப்படுகின்றன.

வண்டியில் மின்விசிறிகள் சுழன்றன. பொரித்த கோழியும் ஒட்டரிசிச் சோறும் விற்கும் பெண்மணிகள் நிலையத்துக்கு நிலையம் ஏறி இறங்கினர். நம் மகன் அவர்கள் கூடையை விட்டுக் கண்ணெடுத்தானில்லை. நக்கோன் பாதோமில், 120 மீட்டர் உயரமென்று சொல்லப்படும் பெரிய பௌத்த தூபி தூரத்தே தோன்றி மறைந்தது. துணைவியாரின் முகமும் தெளிந்துவிட்டது. நமக்கோ நெஞ்சு படபடக்கத் தொடங்கிற்று. ஏனெனில் அடுத்து வருவது நோங் பிளா டுக்.

கெளுத்தி மீன் குட்டை என்பது அப்பெயரின் பொருள். உல்லாசப் பிரயாணி எவனும் அங்கு இறங்குவதில்லை. ஆயினும் மலாயாத் தோட்டங்களிற் பிறந்த தமிழன் எவனும் அறிந்திருக்க வேண்டிய ஊர் அது. 1942 முதல் 1943 வரை ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் நீளச் சயாம்-பர்மா ரயில் பாதை, நாம் பள்ளிப் பருவத்திலிருந்து 'சயாம் மரண ரயில்' என்று கேட்டு வந்த பாதை, அங்கிருந்துதான் மேற்கே பிரிகிறது. அதிலே வேலை செய்த வெள்ளைக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தோர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ ஏறக்குறைய இரண்டு லட்சம். அவருள் மாண்டோர் 90,000 அளவினர் என மதிப்பிடுகின்றனர். நாம் ஆங்கிலத்திலேயே கல்வி கற்றவர். ஆங்கில நூல்களும், 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலம் பற்றிய புகழ்பெற்ற திரைப்படமும் நமக்குக் கற்பித்ததெல்லாம் முதற்சொன்ன கணக்கையே. இரண்டாவது கணக்கை நாம் வீட்டிலேதான் கற்றோம்.

அது எவ்வாறென்றால், ஜப்பான்காரன் காலத்தில் நம் பாட்டனார் பேராக்கில் ஒரு தோட்டத்தின் சின்னக் கிராணி. வெள்ளைத் துரை ஓடிப்போனபின் அலுவலகத்தை நடத்தியவர்கள் கிராணிமார்களே. 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சயாமில் வேலைக்கு ஆள் தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. மூன்று மாத வேலை, நல்ல கூலி, பிறகு வீடு திரும்பலாம் என்பது ஆசைமொழி. மணமாகாத இளைஞராய்ப் பார்த்து 19 பெயர்களை எழுதிக் கொடுத்தார் பாட்டனார். திரும்பி வந்தவர் 5 பேர். முதுமையிலே அவர் அப்பெயர்களை நினைவிலிருந்து மீண்டும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். பெரட்டுக்கு வந்தவனுக்குச் செக்ரோலில் இடும் குறியை அந்த ஐவர் பெயருக்கு எதிரே இட்டிருந்தார். மற்றவை வெறுமையாய்க் கிடந்தன. அத்தாளின் பிரதியொன்று நம் சட்டைப் பையில் இருந்தது. விரைவு வண்டி அச்சிறு நிலையத்தில் நில்லாது. சாதாரண வண்டி நிற்கும். நாம் மூன்றாம் வகுப்பைத் தேர்ந்ததன் மர்மம் இதுவே.

வண்டி நின்றதும், "இதோ வந்துவிட்டோம்" என்று கூறி நாம் மேடையில் இறங்கினோம். மஞ்சட் பலகையில் ஊர்ப்பெயர், சில தண்டவாளங்கள், நிழலில் உறங்கும் ஒரு நாய். அங்கே நின்று பத்தொன்பது பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பதென்று எண்ணியிருந்தோம். பிரார்த்தனையாக அன்று, அதில் நமக்கு நம்பிக்கையில்லை. பெரட்டுக் களத்திற் பெயர் கூப்பிடுகிற கிராணி வழக்கம் என்றே கொள்க. பதினொன்றாவது பெயரில் ஊதல் கேட்டது. துணைவியார் ஜன்னலிலிருந்து நம்மைப் பெயர் சொல்லாமல் "ஏங்க, ஏங்க" என்று கூவினார். ஓடிவந்து ஏறினோம்.

"அது என்ன தாள்?" என்றார். இனி மறைப்பதிற் பொருளில்லை, எல்லாவற்றையும் சொன்னோம். அவர் தாளை வாங்கி இருமுறை படித்தார். பான் போங் கடந்தது. ராட்சபுரியில், போர்க் காலத்தில் குண்டடிபட்ட மே கிளாங் ஆற்றுப் பாலமும் கடந்தது. அதன் பிறகே வாய் திறந்தார்.

"எழுதியவருக்கு அப்போது என்ன வயது?"

"22."

"கலியாணம்?"

"ஆகவில்லை."

"பின்னே அவர் பெயர் ஏன் இதில் இல்லை?"

இக்கேள்வி நமக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை என்பதே உண்மை. பட்டியல் எழுதுகிறவன் பட்டியலுக்கு வெளியே நிற்பான் என்பது நம் இனத்துக் கிராணிகளுக்கு, மன்னிக்க, கிராணி வர்க்கத்துக்கு, இயற்கை நியதி போல் ஆகிவிட்டது. துணைவியார் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர். அவர் பாட்டியாரின் தமையனாரும் வேறொரு தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போய் மீளாதவர். "எங்கள் பெரிய தாத்தா பெயரையும் ஒரு கிராணி எழுதியிருப்பார் இல்லையா?" என்று, கோபமின்றி, ஏதோ விலை விசாரிப்பது போலக் கேட்டார்.

நாம் பாட்டனாருக்காக வாதாட முயன்றோம். எழுத மறுத்திருந்தால் அடித்திருப்பார்கள், வேறொருவன் எழுதியிருப்பான், அது மரணப் பாதையென்று அப்போது யாருக்குத் தெரியும்? யாவும் நியாயமான வாதங்களே. ஆயினும் சொல்லிக்கொண்டு போகையில் சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வந்து நம் வாயை அடைத்தது. தோட்டத்தின் ஒரு பகுதி கைமாறியபோது லயன் வீடுகளைக் காலி செய்ய வேண்டியோர் பெயர்ப் பட்டியலை அலுவலகக் கணினியில் ஏற்றியவர் நாமே. வயது, குடும்பத்தில் எத்தனை பேர், குடியிருந்த ஆண்டுகள் என்று கட்டம் கட்டமாகப் பிழையின்றிச் செய்து முடித்ததற்காகப் பாராட்டும் பெற்றோம். அப்பட்டியலில் 40 ஆண்டுகள் குடியிருந்தோரும் இருந்தனர். துணைவியாருக்கு இது தெரியும். அவர் அதை எடுத்துச் சொல்லாதிருந்தது, சொல்லியிருந்தால் உண்டாகும் வருத்தத்தினும் பெரிதாயிருந்தது.

பெட்சபுரியை நெருங்கும்போது வயல்களின் நடுவே பனைமரங்கள் தோன்றின. அம்மாவட்டம் பனஞ்சர்க்கரைக்குப் பேர்போனது. செம்பனைக் காட்டிலேயே வளர்ந்த நம் பிள்ளைகள் உண்மைப் பனையை அதுவரை கண்டதில்லை. இங்கே பாட்டனார் சொன்ன ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திரும்பி வந்த ஐவருள் ஒருவர் அவரிடம் கூறியதாம்: கதவடைத்த சரக்குப் பெட்டியில் நாட்கணக்கில் வந்து கொண்டிருக்கையில், கதவிடுக்கில் ஒருவன் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "பனைமரம் தெரியுதுடா, நம்ம ஊருக்கே கொண்டாந்துட்டான்!" என்று கூச்சலிட்டானாம். பெட்டி முழுதும் சிரிப்பும் அழுகையுமாகி, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு அந்த இடுக்கை நோக்கி முண்டினார்களாம். நாம் இதனை வெறுங்கதை என்றே எண்ணியிருந்தோம். சயாமில் ஏது பனை? பெட்சபுரி வயல்களைக் கண்ட பிறகுதான் அது எந்த இடம் என்று விளங்கிற்று.

மலாயா ரயிலும் சயாம் ரயிலும் 1918இல் இணைக்கப்பட்டன. மலாயாவிலிருந்து சென்றவர்கள் தெற்கிலிருந்து வடக்கே, ஹுவா ஹின்னையும் பெட்சபுரியையும் கடந்து நோங் பிளா டுக்குக்குப் போனவர்கள். நாமோ அவர்களுடைய கடைசி நாட் பிரயாணத்தைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம், கோழி தின்று கொண்டு.

ஹுவா ஹின் நிலையம் 2023 டிசம்பரிலிருந்து தூண்களின் மேல் உயர்ந்து நிற்கிறது. கீழே சிவப்பும் வெள்ளையுமான பழைய மர நிலையத்தை அழகு குறையாமல் வைத்திருக்கின்றனர். எல்லோரும் படம் பிடிக்கும் அரச மண்டபம் நக்கோன் பாதோமிலிருந்து பிற்காலத்தில் பெயர்த்துக் கொணர்ந்ததாகும். ரயில் 1911இல் வந்ததனாலேயே இந்த மீனவர் குப்பம் பட்டினமாயிற்று. 1923இல் ரயில் இலாகாவே ஒரு ஹோட்டலைக் கட்டிற்று. மறு ஆண்டு கோல்ப் மைதானம். பின்னர் அரசர் பிரஜாதிபோக் ஒரு மாளிகை கட்டி, 'கவலைக்குத் தூரம்' எனப் பொருள்படக் கிளாய் கங்வோன் என்று பெயரிட்டார். 1932 ஜூன் 24 அன்று பாங்காக்கில் புரட்சி செய்து முழு முடியாட்சிக்கு முடிவு கட்டிய போது, அவர் அம்மாளிகையில்தான் ஓய்விலிருந்தார். கவலை ரயிலேறித் தேடி வந்தது போலும்.

கடல் நன்றாகவே இருந்தது. நீண்ட வெண்மணல், தாழ்ந்த அலை, சவாரிக்கு நிற்கும் மட்டக் குதிரைகள். மகன் அலையைத் துரத்தி ஓடினான். மகள் மணலில் ரயில் பாதை போட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. நிலையத்திலிருந்து கடற்கரை ஒரு கிலோமீட்டர் அளவே. சரக்குப் பெட்டிகள் அங்கே நின்றிருந்தால் உள்ளிருந்தோருக்கு உப்புக் காற்றாவது பட்டிருக்கும்.

அன்றிரவு துணைவியார் காஞ்சனபுரியைப் பற்றிக் கேட்டார். அங்குள்ள பெரிய போர் மயானத்தில் 6,982 கைதிகளின் கல்லறைகள் வரிசையாக உள்ளன என்றும், அப்படைகளின் அதிகாரிகள் முகாமிலும் பெயர்ப் பதிவு வைத்திருந்ததனால் பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு என்றும், நம்மவர்க்கு அப்படி எழுதுவாரில்லை என்றும், 1943 மழைக்காலத்தில் வாந்திபேதியால் மாண்டோரைக் கும்பலாகப் புதைத்தனர் என்றும் கூறினோம். 2023 மே 1 அன்று தமிழ்த் தொழிலாளர் நினைவாக அங்கே ஒரு நடுகல் திறந்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னோம்.

"போகும்போது பெயர் எழுத ஆள் இருந்தது, செத்தபோது இல்லை" என்றார். பிறகு விளக்கை அணைத்தார்.

திரும்பும் நாளன்று நாம் மூட்டை கட்டிக்கொண்டிருக்க, அவரே நிலையத்துக்குச் சென்று சீட்டு வாங்கி வந்தார். தோன்புரிக்கு நான்கு என்று எழுதிக் கொடுத்திருந்தோம். அவர் கொணர்ந்த சீட்டுக்களில் நோங் பிளா டுக் என்றிருந்தது. அங்கே பிற்பகலில் காஞ்சனபுரி வண்டி வரும் என்று நிலையத்தாரிடம் விசாரித்தாராம். விடுதிக்குக் கட்டிய முன்பணம் போனாற் போகட்டும் என்றார். அந்தத் தாளை நம்மிடம் கேட்டு வாங்கித் தம் கைப்பையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஒரு குடை வாங்கி வருமாறு நம்மைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்.