ஆதனூர் ஏரியிலிருந்து முகத்துவாரம் வரை

ஆதனூர் ஏரிப் பக்கம் அடையாறு வாய்க்காலாகத்தான் கிளம்புகிறது. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் வந்து சேர்ந்த பிறகே ஆறு என்று சொல்லும்படி அகலம் வருகிறது. அனகாபுத்தூர், மணப்பாக்கம். அதை ஒட்டி, சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை ஆற்றின் மேலேயே பாலம் கட்டிக் கிடக்கிறது. 2015 டிசம்பரில் அந்த விமான நிலையம் மூழ்கியது. அப்புறம் நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம். திரு.வி.க. பாலத்தைத் தாண்டினால் எங்கள் ஆறு.

தென்கரையில் பிரம்மஞான சபை. 1882-ல் 27 ஏக்கர் தோட்டமாக வாங்கியது, இன்று ஏறத்தாழ 250 ஏக்கர். மரங்கள் தப்பித்ததற்கு நிலத்தின் பத்திரம் ஒருவர் கையில் இருந்ததே காரணம். வடகரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கிப்பிள் தீவைச் சுற்றி வளையும் கழியைக் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டித் தூர்த்தார்கள். ஓட்டலும் அடுக்குமாடிகளும் எழுந்தன. சிலர் நீதிமன்றப் படியேறிப் போராடியதால்தான் மிச்சம் மிஞ்சியது. பிறகு அரசு ஓர் அறக்கட்டளை அமைத்து 58 ஏக்கரை மீட்டது. இடிபாட்டை அள்ளி, அலையாத்தி நட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். அந்த அமைப்புதான் இன்றைய சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை. நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் பூங்காவுக்கு உயிர் கொடுக்கும் ஓதம், வேலிக்கு வெளியே, எங்கள் சீனிவாசபுரத்தை ஒட்டிய முகத்துவாரம் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். தென்காற்றுக் காலத்தில் கடல் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வாயை அடைத்துவிடும். மீனவர்களுக்காக 1967-ல் கட்டிய பாலம் பத்தே வருஷத்தில் உடைந்துபோனதால், சின்ன வயதில் எங்களுக்கு அந்த மணல்திட்டுதான் பாலம். ஆகஸ்ட் 29, பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றம். நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள்தான், மாதாவுக்கும் மெழுகுவத்தி உண்டு. ஆயா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் தரையைப் பாதத்தால் தடவித் தடவி முன்னே போவாள். இறுகிய மணல் எது, கால் புதையும் சேறு எது என்று அவள் காலுக்குத் தெரியும். "என் தடத்துலயே வாடா" என்பாள். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு காவி உடுத்தியவர்கள் பின்னால் வரிசையாக வருவார்கள். மடவை துள்ளி எங்கள் காலில் மோதும். அக்கரையில் ஊரூர் குப்பத்துக்காரர்கள் குடத்தில் தண்ணீர் வைத்திருப்பார்கள், குடித்துவிட்டு உப்பு ஒட்டிய காலோடு கோயில் வரைக்கும் நடப்போம்.

இப்போது அந்தத் தண்ணீரில் இறங்கினால் கால் அரிக்கிறது. வாய் அடைத்தால் பொக்லைன் வந்து மணலை ஓரமாகக் கொட்டிவிட்டுப் போகிறது, கடல் அதையே திரும்பக் கொண்டுவந்து போடுகிறது. ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று கரையோரக் குடிசைக்காரர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். கரையை விழுங்கிய பெரிய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன, மேலேயிருந்து வரும் கழிவுநீரும் நின்றபாடில்லை. வேலிக்குள் இருக்கும் 58 ஏக்கரைக் காக்க வேண்டுமென்றால் முதலில் அந்தக் கழிவுநீர்க் குழாய்களை அடைக்க வேண்டும். முகத்துவாரத்தை எப்போது, எந்தப் பக்கம் வெட்டுவது என்பதை இரு கரை மீனவப் பஞ்சாயத்துகளையும் உட்கார வைத்துக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.