எத்தனை பர்சன்ட் என்று கேட்காதீர்கள்

புனேயில் மழை பிடித்துக்கொள்கிற ஜூன் கடைசியில்தான் கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தின் கோடைத் தள்ளுபடியும் வரும். ஹிஞ்சவாடியில் டீ குடிக்கும் இடத்தில் நம் பையன்கள் இருவர் சேர்ந்தால் இதே பேச்சுதான்: "என்ன கேம் வாங்கினே? எத்தனை பர்சன்ட்?" இரண்டாவது கேள்வியை நான் காதில் வாங்குவதில்லை. எண்பது சதவீதம் என்பது கடைக்காரர் எழுதிவைத்த எண். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுத்துப் பழகிய அம்மாக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

பார்க்க வேண்டியது விலையின் வரலாறு. ஸ்டீம் 2015 நவம்பரிலிருந்து ரூபாயில் விற்கிறது. ஒவ்வொரு கேமும் இதுவரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை ஸ்டீம்டிபி தளம் படிக்கட்டு மாதிரி கோடு போட்டுக் காட்டிவிடும். போன டிசம்பர் தள்ளுபடியில் தொட்ட விலைக்கே இப்போதும் வந்திருந்தால் அவசரமே இல்லை, அடுத்த டிசம்பரிலும் வரும். மணிக்கொரு சலுகை, நாளுக்கொரு சலுகை என்று தூக்கத்தைக் கெடுத்த பழக்கத்தையும் 2015 கடைசியிலேயே நிறுத்திவிட்டார்கள். முதல் நாள் விலைதான் பொதுவாகக் கடைசி நாளிலும். அதனால் விஷ்லிஸ்டில் போட்டு வைத்துவிட்டு, கடைசி நாள் வரை ஆறப்போடுவேன். பாதி ஆசை அதற்குள் தானே வடிந்துவிடும்.

வாங்கிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணம் திரும்பக் கிடைக்கும். டவுன்லோடு ஆகும் நேரம் கணக்கில் வராது. திறந்துவைத்து செட்டிங்ஸ் மாற்றும் நேரம் வரும். ஆகவே முதல் அரை மணியில் கதையில் மூழ்காமல் லேப்டாப்பைக் கவனியுங்கள். ஃபேன் அலறுகிறதா, கூட்டமான காட்சியில் படம் திணறுகிறதா, எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.

நூறு மணி நேரம் ஓடும் பெரிய கேம் மலிவாகக் கிடைத்தால் பலருக்குக் கை பரபரக்கும். வேலை முடிந்து, டிராஃபிக்கில் நொந்து வருகிறவனுக்கு அந்த நூறு மணி எங்கே இருக்கிறது? என் ஓட்டு சின்ன கேம்களுக்கு. இதே புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் வெளியிட்ட 'ராஜி' சில மாலைகளில் முடிந்துவிடும். தம்பியைத் தேடிப் போகும் பெண், கையில் துர்க்கை தந்த திரிசூலம், பஹாடி ஓவியச் சாயலில் அரண்மனைகள். சண்டை சில இடங்களில் மந்தம்தான். இருந்தாலும் கொடுத்த காசுக்குக் குறைவில்லை.

இன்னும் சின்னது, டொரொண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா'. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மா கொடுத்த கிழிந்த சமையல் குறிப்பு. முதல் புதிரே இட்லி வேகவைப்பது: ஆவி எல்லாத் தட்டுக்கும் போகிற மாதிரி ஓட்டை பார்த்து அடுக்க வேண்டும். 2024-இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. முடிக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். அதாவது, முழுக்க விளையாடிவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் விதி இடம் கொடுக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.